வாயில்லாப் பூச்சியும் கடல் இளவரசியும்

சென்ற ஆடி மாதம் குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் தன் ஆறு வயது மகளைச் வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள என் உளவியல் ஆலோசனை அறைக்கு அழைத்து வந்தார். பள்ளியில் சேர்ந்து ஓராண்டுக்கு மேலாகியும் அந்தப் பெண் அங்கே ஒரு சொல் பேசியதில்லை. ஆசிரியை பெயர் கேட்டால் தரையைப் பார்ப்பாள். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றுகூடச் சொல்ல முடியாமல் இரண்டு முறை உடையை நனைத்திருக்கிறாள். மாலையில் வீட்டு வாசலை மிதித்ததும் பாட்டியிடம் மூச்சு விடாமல் பேசுவாளாம். (இங்கே நான் சொல்லும் குழந்தைகளை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

மூன்றாவது சந்திப்பில் பொம்மைக் கூடையைத் துழாவி, மீன் வால் வைத்த பொம்மையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதன் வாயைக் கட்டைவிரலால் மூடினாள். பிறகு அம்மாவின் காதில் ஏதோ கிசுகிசுத்தாள். அம்மா எனக்கு எடுத்துச் சொன்னார்: "இவள் குரலைக் கொடுத்துவிட்டாளாம். பேசாமல் இருந்தால்தான் எல்லாருக்கும் பிடிக்குமாம்."

அவள் சொன்னது 1989ல் வந்த 'தி லிட்டில் மெர்மெய்ட்' படத்தின் கதை. கடலுக்கடியில் வாழும் பதினாறு வயது இளவரசி தன் குரலைச் சூனியக்காரியிடம் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக மூன்று நாளைக்கு மனிதக் கால்களை வாங்கிக்கொள்கிறாள். கரையில் இருக்கும் ஆண்களுக்கு வாயாடிப் பெண்களைப் பிடிக்காது, பேசாமல் இருப்பவளைத்தான் பிடிக்கும் என்று சூனியக்காரி அவளுக்கு ஆசை காட்டுகிறாள். அந்தப் பேச்சு வில்லியின் பசப்பு என்பது பெரியவர்களுக்குத் தெரியும். ஆறு வயதுக் குழந்தைக்கு அப்படித் தெரிவதில்லை. திரையில் ஒருவர் அவ்வளவு உறுதியாகச் சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று அது எடுத்துக்கொள்கிறது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அந்தக் குழந்தையைப் படம் ஊமையாக்கவில்லை. வீட்டில் நன்றாகப் பேசும் குழந்தை பள்ளி போன்ற சில இடங்களில் மட்டும் பேச முடியாமல் போவது ஒரு பதற்ற நோய். பெரும்பாலும் ஐந்து வயதுக்கு முன்பே அது தொடங்கிவிடும். பேச வேண்டும் என்ற ஆசை குழந்தைக்கு இருக்கும், ஆனால் தொண்டை அடைத்துக்கொள்ளும். பிடிவாதம் என்று நினைத்து அடிப்பதும், எல்லார் முன்னாலும் "எங்கே, பேசு பார்க்கலாம்" என்று நிறுத்துவதும் அந்த அடைப்பை இன்னும் இறுக்கத்தான் செய்யும். பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தில் கூச்சம் இருப்பது இயல்பு. அதற்குப் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் மௌனம் நீடித்தால் காது கேட்கும் திறனைச் சோதித்துவிட்டு உளவியலாளரிடம் காட்டுங்கள். "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று காத்திருந்து பத்து வயதில் அழைத்து வருகிறார்கள். அப்போது சிகிச்சை பல மடங்கு கடினமாகிறது.

நோயின் வேர் படத்தில் இல்லை. ஆனால் தன் மௌனத்துக்கு ஒரு காரணம் அவளுக்குத் தேவைப்பட்டது, அதைப் படம் கொடுத்தது. வீடும் அதற்குத் துணைபோனது. "எங்கள் உறவில் எல்லாரும் இவளை வாயில்லாப் பூச்சி, தங்கம் என்று கொஞ்சுவார்கள். இவள் அக்காவைத்தான் வாயாடி என்று திட்டுவோம்" என்றார் அந்தத் தாய், அதில் தவறிருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை. பெண் சிரித்தால் போயிற்று, புகையிலை விரித்தால் போயிற்று என்று பழமொழி சொல்லி வளர்த்த ஊர் இது. சூனியக்காரி சொன்னதும் அத்தை, சித்தி சொன்னதும் அந்தக் குழந்தையின் காதில் ஒரே மாதிரி விழுந்திருக்கின்றன.

இளவரசிப் படங்களைக் குழந்தைகளுக்குக் காட்டலாமா என்று பெற்றோர் அடிக்கடி கேட்கிறார்கள். கல்யாண ஆசை வந்துவிடுமோ, அலங்காரப் பைத்தியம் பிடித்துவிடுமோ என்பதுதான் அவர்களுடைய கவலை. என் கவலை வேறு. அந்த இளவரசிக்குப் பேச்சு இருக்கிறதா? அவள் 'வேண்டாம்' என்று சொன்னால் யாராவது கேட்கிறார்களா?

கார்மன் ஃபாட், கேரன் ஐசன்ஹவர் என்ற இரு மொழியியலாளர்கள் 2016ல் டிஸ்னியின் இளவரசிப் படங்களில் யார் எவ்வளவு பேசுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்கள். 1937ல் வந்த 'ஸ்னோ ஒயிட்' படத்தில் ஆண், பெண் பேச்சு ஏறக்குறைய சரிபாதி. 1950ல் வந்த 'சிண்ட்ரெல்லா' படத்தில் பெண்கள் 60 சதவீதம் பேசுகிறார்கள். பழைய படங்கள்தான் மோசம், பிறகு வந்தவை முற்போக்கானவை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, கடல் இளவரசியின் படத்தில் 68 சதவீதப் பேச்சு ஆண்களுடையது. 1992ல் வந்த 'அலாதீன்' படத்தில் 90 சதவீதம். பெண்ணே வாளெடுத்துப் போருக்குப் போகும் 'முலான்' படத்தில்கூட 77 சதவீதம் ஆண்கள்தான் பேசுகிறார்கள். வாள் கையில் இருக்கிறதா, இளவரசன் வருகிறானா என்று நாம் பார்க்கும் நேரத்தில், யார் பேசுகிறார்கள் என்பதைக் குழந்தை கேட்டுக்கொண்டிருக்கிறது.

இது பெண் குழந்தைகளின் விஷயம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். காட்பாடியிலிருந்து ஐந்து வயதுப் பையன் ஒருவனை அழைத்து வந்தார்கள். பள்ளியில் மதியம் தூங்க வைக்கும் நேரத்தில், பக்கத்துப் பாயில் தூங்கிக்கொண்டிருந்த சிறுமிக்கு முத்தம் கொடுத்துவிட்டான். பள்ளி அவனைக் குற்றவாளியைப் போல நிறுத்தியது. அப்பா பெல்ட்டை எடுத்தார். ஏன் அப்படிச் செய்தாய் என்று அதுவரை ஒருவரும் அவனிடம் கேட்கவில்லை. நான் கேட்டேன். "எழுப்பினேன்" என்றான். அக்காவோடு சேர்ந்து பார்த்த படத்தில் இளவரசன் அப்படித்தான் எழுப்பினான்.

அவனோடு பொம்மை விளையாட்டுதான் விளையாடினேன். தூங்கும் பொம்மையிடம் "உன்னைத் தொடலாமா?" என்று கேட்கச் சொன்னேன். கேட்டான்.

"பதில் வந்ததா?"

"இல்லை. அவள் தூங்குகிறாள்."

"பதில் வராவிட்டால் என்ன செய்ய வேண்டும்?"

நெடுநேரம் யோசித்துவிட்டு, "அவள் எழுந்த பிறகு கேட்க வேண்டும்" என்றான். ஐந்து வயதுக்கு அது போதும். அவன் அப்பாவிடம்தான் அதிக நேரம் பேச வேண்டியிருந்தது.

கண்ணாடிப் பெட்டியில் செத்தவள் போலக் கிடக்கும் பதினான்கு வயதுச் சிறுமியை இளவரசன் முத்தமிட்டு எழுப்புவது 'ஸ்னோ ஒயிட்' படத்தில் வருவது. ஜெர்மானிய நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டிய கிரிம் சகோதரர்கள் தொகுத்த கதையில் அந்த முத்தம் இல்லை. பெட்டியைச் சுமந்து போகும் வேலையாட்கள் கால் இடறுகிறார்கள், அந்தக் குலுக்கலில் தொண்டையில் சிக்கியிருந்த ஆப்பிள் துண்டு வெளியே வந்து விழ, அவள் கண் விழிக்கிறாள். கதையாகச் சொல்லும்போது அப்படியே சொல்லுங்கள். குழந்தைகளுக்கு அது இன்னும் பிடிக்கிறது. தொண்டையில் சிக்கியது வெளியே வந்ததும் உயிர் வருகிறது என்பதில் என் தொழிலுக்கும் ஒரு பொருள் இருக்கிறது.

மேல்நாட்டுக் கதை என்றாலே கெடுதல், நம் கதைகள் சுத்தமானவை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெரிய எழுத்துப் புத்தகமாக நம் பாட்டிமார் படித்த அல்லி அரசாணி மாலையை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையை ஆளும் அல்லி ஆண் துணையே வேண்டாம் என்று இருப்பவள். அவள் தூங்கும்போது அர்ச்சுனன் தாலி கட்டிவிடுகிறான். அதைக் கேட்டுச் சிரித்து வளர்ந்தவர்கள் நாம்.

அதே நம் மண்ணில்தான் வேறொரு அரச மகளையும் நான் பார்த்தேன். ஆரணி பக்கத்தில் எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும்போது பகலில் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து. பெண் வேடமும் ஆண்களே கட்டுவார்கள். துகிலுரியும் கூத்தன்று எனக்கு ஏழு வயது இருக்கும், பாட்டியின் முந்தானைக்குள் சுருண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். சபையில் இழுத்து வந்து நிறுத்தப்பட்டவள் கேள்வி கேட்கிறாள். தன்னைத் தோற்ற பிறகு என்னைப் பணயம் வைக்க அவருக்கு என்ன உரிமை? பீஷ்மருக்கும் துரோணருக்கும் பதில் இல்லை. அப்புறம் அவள் கூந்தலை முடிப்பதில்லை. பாரதம் முடியும் நாளில் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் கிடக்க, அவள் கூந்தல் முடிவதை ஊரே வந்து பார்க்கும். அந்தக் கதையில் இருக்கும் கோபமும் ரத்தமும் ஏழு வயதுக்கு ஏற்றவையா என்று கேட்டால், இன்று நான் யோசிப்பேன். ஆனால் சபை நடுவே ஒரு பெண் கேட்ட கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. இன்றும் குடும்பங்களோடு பேசும்போது அதன் பலத்தில்தான் சில கேள்விகளைக் கேட்கிறேன்.

சிண்ட்ரெல்லாவை மட்டும் நான் எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவள் அடங்கிப் போகிறாள், யாரோ வந்து காப்பாற்றக் காத்திருக்கிறாள் என்பது உண்மை. ஆனால் தாயை இழந்து மாமா வீட்டில் வளர்ந்த ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, அந்தக் கதையைத்தான் ஒவ்வொரு முறையும் என்னைச் சொல்லச் சொல்வாள். அவளுக்குக் கவுனும் வேண்டாம், கண்ணாடிச் செருப்பும் வேண்டாம். அம்மாவின் கல்லறையில் வளர்ந்த மரம் சிண்ட்ரெல்லாவுக்கு உதவும் இடம் கிரிம் தொகுப்பில் வருகிறது. அதை மட்டும் மறுபடி மறுபடி கேட்பாள். அந்தக் கதையை அவளிடமிருந்து பிடுங்குவது பாவம். அதோடு ஒன்றைச் சேர்த்தேன். "யாராவது உன்னைக் கொடுமைப்படுத்தினால் தேவதை வரும்வரை காத்திருக்காதே, 1098க்கு போன் செய்" என்று சொல்லி, குழந்தைகளுக்கான அந்த உதவி எண்ணை அவளைப் பாட்டாகப் பாட வைத்தேன்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பனி போல வெள்ளை என்பதே ஒரு நாயகியின் பெயராக இருக்கும்போது, நம் குழந்தை கண்ணாடியில் தன்னைத் தேடுவது இயல்பு. கறுப்பே அழகு, காந்தலே ருசி என்று சொன்ன ஊரில் ஐந்து வயதுக்கு முகப்பூச்சு வாங்குகிறோம். அந்தக் கிரீமை முதலில் நிறுத்துங்கள். படத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

படத்தைத் தடை செய்யுங்கள் என்று நான் சொல்வதில்லை. சொன்னாலும் நடக்காது. ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளுக்கு விடியற்காலையிலேயே வேன் ஏறும் தாய்மார்களை எனக்குத் தெரியும். மாலையில் திரும்பிச் சோறு வடித்துக் குழம்பு கூட்டும் வரை குழந்தையை ஓரிடத்தில் உட்கார வைப்பது கைபேசிதான். அதற்காக அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. நான் கேட்பது பத்து நிமிடம்தான். பாத்திரம் கழுவும்போதோ தலை பின்னும்போதோ கேளுங்கள்: "அந்த இடத்தில் நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?" பதில் எதுவானாலும் திருத்தாதீர்கள். பையன்களிடமும் அதே கேள்விதான்.

அமெரிக்காவில் சாரா காய்ன் என்ற ஆய்வாளரின் குழு 198 மழலையரைக் கவனித்து 2016ல் வெளியிட்ட ஆய்வில், இளவரசிகளில் அதிகம் ஈடுபட்ட குழந்தைகள், ஆணும் பெண்ணும், ஓராண்டு கழித்து 'பெண் என்றால் இப்படி' என்ற வார்ப்பில் அதிகம் நடந்துகொண்டதாகத் தெரிந்தது. ஐந்தாண்டுக்குப் பிறகான நிலையைப் பார்த்து அதே ஆய்வாளர் 2021ல் வெளியிட்ட முடிவு நேர்மாறானது. சிறுவயதில் இளவரசிகளை விரும்பியவர்கள் தங்கள் உடலைப் பற்றி நல்ல எண்ணத்தோடும், ஆண் என்றால் முரடன் என்ற நினைப்புக் குறைவாகவும் வளர்ந்திருந்தார்கள். ஐந்து வயதில் படிந்தது அப்படியே உறைந்துவிடுவதில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல். என் அறையிலும் அதைப் பார்க்கிறேன்.

குடியாத்தம் குழந்தைக்கு அந்தப் படத்தை நிறுத்தவில்லை. அவளோடு உட்கார்ந்து நானும் பார்த்தேன். கப்பல் உடைந்து கரையில் கிடந்த இளவரசன், தன்னைக் காப்பாற்றிய பெண்ணைப் பிறகு ஊரெல்லாம் தேடும் இடத்தில் நிறுத்தினேன்.

"எதை வைத்து அவளைத் தேடுகிறான்?" என்று பொம்மையிடம் கேட்டேன்.

பொம்மை அம்மாவின் காதில் சொன்னது: "பாட்டை வைத்து."

"அவள் பக்கத்தில் வந்து நிற்கிறாளே, ஏன் அடையாளம் தெரியவில்லை?"

அந்தக் குழந்தை பொம்மையின் வாயிலிருந்து கட்டைவிரலை எடுத்தாள்.

அதற்குப் பிறகும் ஏழு மாதம் ஆயிற்று. பள்ளி விட்ட பிறகு வெறும் வகுப்பறையில் அம்மாவும் மகளும் மட்டும் உட்கார்ந்து பேசினார்கள். ஆசிரியை முதலில் வராந்தாவில் நின்றார், சில நாள் கழித்து வாசலில், பிறகு கடைசி பெஞ்சில். அந்த ஆசிரியை ஒரு நாள்கூட அவசரப்படவில்லை. வீட்டில் 'வாயில்லாப் பூச்சி' என்ற பெயரை நிறுத்த வேண்டும் என்று பாட்டியிடம் கேட்டுக்கொண்டேன். அவருக்கு அது வருத்தம்தான், ஆனாலும் நிறுத்தினார்.

போன பங்குனியில் ஒரு மாலை அந்தத் தாய் பஸ்ஸிலிருந்தே எனக்கு போன் செய்தார். இரைச்சலில் பாதி கேட்கவில்லை. கண்டக்டர் வந்து நின்றதும் அவர் பையில் சில்லறை தேடிக்கொண்டிருக்க, பக்கத்திலிருந்து குரல் வந்ததாம்: "குடியாத்தம் ஒன்று, அரை ஒன்று."