கடற்கரையில் கருப்பு வெள்ளை: கேமராவைத் தூக்கும் முன் கவனிக்க வேண்டியவை

மதுரையில் ஸ்டுடியோ நடத்துவதோடு வார இறுதிகளில் ஒளிப்பட வகுப்பும் எடுத்து வருவதால், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மாணவர்களைத் தனுஷ்கோடிக்கு அழைத்துச் செல்கிறேன். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும், வண்ணத்தில் சரியாக அமையாமல் போனதால் கணினியில் நிறத்தை நீக்கிக் கருப்பு வெள்ளையாக்கிய படங்களே அதிகமாக என் மேசைக்கு வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை சாம்பல் பூசியதுபோல் மங்கிக் கிடக்கும். கெட்டுப்போன படத்துக்குச் செய்யும் கடைசி வைத்தியமாகக் கருப்பு வெள்ளையை நினைப்பது தவறு; அந்த முடிவைக் கடற்கரையில் நிற்கும்போதே எடுத்தாக வேண்டும்.

சென்ற முறை ஒரு மாணவி, பச்சைநீலக் கடலுக்கு முன்னால் நின்ற சிவப்பு வல்லம் ஒன்றை எடுத்திருந்தார். வண்ணத்தில் கண்ணைப் பறித்த அந்தப் படத்தில், நிறத்தை நீக்கியதும் வல்லமும் கடலும் ஒரே சாம்பலாகி, படகின் விளிம்பு எங்கே முடிகிறது என்பதே தெரியாமல் போயிற்று. அதே வல்லத்தை, வெயில் பக்கவாட்டில் விழும் இடத்துக்கு நகர்ந்து, வெளுத்த மணலைப் பின்னணியாக வைத்து எடுத்தபோது, பலகைகளின் இணைப்பும், நங்கூரக் கயிற்றின் முறுக்கும், அதில் காய்ந்து ஒட்டியிருந்த உப்பும் தனித்தனியாக எழுந்து நின்றன. நிறம் போனபின் படத்தில் மிஞ்சுவது வெளிச்சத்தின் ஏற்றத்தாழ்வு மட்டுமே என்பதால், கண் அதைத் தேடப் பழக வேண்டும். அதற்காகவே கடலுக்குப் போகும் முன் திருமலை நாயக்கர் மகாலின் தூண்களை ஒரு காலைப்பொழுது முழுவதும் எடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். வெண்சுதைத் தூணின் வளைவில் வெளிச்சம் படிப்படியாக நிழலாவதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

கேமராவில் மோனோகுரோம் தேர்வை வைத்துக்கொண்டு, கோப்பை ரா வடிவில், அதாவது கேமரா பதிந்த தகவலை அப்படியே வைத்திருக்கும் வடிவில் சேமியுங்கள். திரையில் கருப்பு வெள்ளை தெரியும். கோப்பிலோ எல்லா நிறத் தகவலும் இருக்கும். ஜேபெக் மட்டும் சேமித்தால் அந்தத் தகவல் திரும்பாது. அந்தத் தகவல் இருந்தால், கணினியில் நீலத்தைத் தனியே குறைத்து வானத்தைக் கருக்கலாம்; ஃபிலிம் காலத்தில் வானத்தைக் கருக்கும் வேலையை, லென்ஸ் முன் மாட்டும் சிவப்பு ஃபில்டர் செய்தது. அடர்சிவப்பு ஃபில்டர் ஏறத்தாழ மூன்று ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்கிவிடும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும், கூடினால் இரட்டிப்பாகும்). வெளிச்சத்தை அளக்கும் கையடக்க மீட்டர் காட்டிய அளவை அப்படியே வைத்து, அந்த மூன்று ஸ்டாப்பைச் சேர்க்க மறந்து, ஒரு ரோலின் 36 படங்களையும் பாம்பனில் இழந்திருக்கிறேன். மீட்டர் எதையும் நடுத்தரச் சாம்பலாகவே கணக்கிடும். ஆகவே வெண்மணல் நிறைந்த காட்சிக்கு ஒரு ஸ்டாப் வரை கூட்ட வேண்டியிருக்கும். ஆனால் அலை நுரையில் விவரம் அழியாதபடி வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீனவர்களைப் படமெடுக்கும்போது அனுமதி கேட்பது முதல் கடமை. அடுத்தது நிறம் பற்றியது. மென்பொருளில் ஆரஞ்சு, சிவப்பு அளவுகளைக் கூட்டினால் மாநிறமும் கருநிறமும் வெளிறிவிடும். வெயிலில் உழைத்த முகத்தின் கருமையே அந்தப் படத்தின் அழகு. தயவுசெய்து அதை வெளுக்காதீர்கள்.

அலையைப் பனிபோல் காட்டப் பத்து ஸ்டாப் என்.டி. ஃபில்டர் (நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தைக் குறைக்கும் கருங்கண்ணாடி) பயன்படுத்துவோர், நொடியில் அறுபதில் ஒரு பங்காக இருந்த ஷட்டர் நேரம் சுமார் 17 நொடியாக நீள்வதால், முக்காலியின் கால்களை ஈர மணலில் ஆழ அழுத்திவிட்டே தொடங்க வேண்டும். ஃபில்டர் இருக்கிறது என்ற நம்பிக்கையில் கண்ணாடி வ்யூஃபைண்டர் வழியாகச் சூரியனைப் பார்ப்பது விழித்திரையையே கெடுத்துவிடும். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் நீரோட்டம் கடுமையானது. படத்துக்காக அலைக்குள் இறங்காதீர்கள்.

உப்புக்காற்று லென்ஸ் மீது மெல்லிய படலமாகப் படிந்தால், முதலில் அழிவது ஆழ்ந்த கருப்புதான். கரையில் லென்ஸ் மாற்ற வேண்டாம். உலர்துணியால் அழுத்தித் துடைத்தால் உப்புத் துகளும் மணலும் கண்ணாடியைக் கீறும். முதலில் ஊதுகுழாயால் ஊதிவிட்டு, லென்ஸ் திரவம் தொட்ட மென்துணியால் ஒற்றி எடுங்கள். கேமராவின் உடலை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, முக்காலிக் கால்களை நல்ல தண்ணீரில் அலசி உலர்த்துங்கள். மதுரைக்குத் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், ராமேஸ்வரத்தில் தங்கும் அறையிலேயே அன்றிரவு இதை முடித்துவிடுங்கள்.