‘முரண் இல்லை’ என்ற பச்சை டிக்கை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்

பிசானம் அறுவடை வந்தால் போதும், அம்பாசமுத்திரம், வீரவநல்லூர் பக்கத்து ரைஸ் மில்களில், மில் வேலைகளின் விதிகளை வைத்து ஓடும் சாப்ட்வேர் பற்றி இதே புகார்தான்: “விதியெல்லாம் செக் பண்ணியாச்சு, முரண் இல்லைன்னுதான் வந்துச்சு. ஆனா ஈரநெல் லோடு வந்தா சாப்ட்வேர் அப்படியே நிக்குது.” எத்தனை தடவைதான் சொல்வது? முரண் இல்லை என்பது வேறு, வேலை ஓடும் என்பது வேறு.

இந்த சாப்ட்வேருக்கு அடிப்படையான டிக்ளேர் (Declare) என்ற விதிமொழி மாடலில் வேலையை வரிசையாக எழுதுவதில்லை. கட்டாயம் எது, கூடாதது எது என்று விதிகளை மட்டும் எழுதுகிறோம். தரம் பார்ப்பவர் எழுதுகிறார்: ஈரநெல் என்று பதிந்தால் பிறகு களத்தில் காயப்போட வேண்டும். கணக்குப்பிள்ளை எழுதுகிறார்: ஈரநெல் என்று பதிந்தால் பிறகு திருப்பி அனுப்ப வேண்டும். முதலாளி எழுதுகிறார்: காயப்போடுவதும் திருப்பி அனுப்புவதும் ஒரே லோடில் கூடாது. மூன்றையும் கொடுத்தால் முரண் பார்க்கும் கருவி ‘சரி’ என்றுதான் சொல்லும். அது பொய்யும் இல்லை. ஈரநெல்லே வராத லோடு இந்த மூன்றில் எதையும் மீறுவதில்லை. ஒரு லோடுக்கு நடக்கும் வேலைகளின் தொடரை ஓட்டம் என்போம்; எந்த வேலையுமே நடக்காத வெற்று ஓட்டம்கூட மீறுவதில்லை. விதிகளுக்கு அடங்கிய ஓட்டம் ஒன்றே ஒன்று கிடைத்தாலும் கருவிக்குத் திருப்தி. உங்களுக்கு வேண்டியதோ ஈரநெல் வரும் நாளில் ஓடுகிற மாடல்.

அதனால் ஒவ்வொரு வேலைக்கும் ‘ஒரு தடவையாவது நடக்க வேண்டும்’ என்ற விதியைத் தற்காலிகமாகச் சேர்த்துக் கருவியை ஓட்டுங்கள். பார்த்ததும் எடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள். 30 வேலை என்றால் 30 தடவை ஓட்டுங்கள், சோம்பல் படாதீர்கள். முரண் வந்தால் அந்த வேலை எந்நாளும் நடக்காது. பிறகு மற்ற விதிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எடுத்த பிறகும் முரண் நீடித்தால் அந்த விதியை வெளியே வையுங்கள். முரண் மறைந்தால் திரும்பச் சேருங்கள். கடைசியில் மிஞ்சுவதுதான் மோதுகிற விதிகளின் மிகச்சிறிய கூட்டம். இதேபோல் வேறு கூட்டங்களும் ஒளிந்திருக்கலாம். திருத்தியதும் மறுபடி முதலிலிருந்து ஓட்டியே ஆக வேண்டும்.

அதிகக் கூட்டங்களில் சிக்குகிற விதிக்குச் சில கருவிகள் ‘முரணுக்கு இதுதான் காரணம்’ என்று அதிக மதிப்பெண் போடும். அதைப் பார்த்து வெட்டிவிடாதீர்கள்! அது அரசுக் கொள்முதலின் 17 சதவீத ஈரப்பத வரம்பாக இருக்கலாம். எதை விடுவது என்பதைக் களத்தில் நிற்பவர் சொல்லட்டும்.

இன்னொன்று. ஓட்டத்துக்கு முடிவு உண்டு என்று கருவி எடுத்துக்கொள்கிறதா என்று கேளுங்கள். ‘எடை போட்டால் பிறகு சரிபார்ப்பு’, ‘சரிபார்த்தால் பிறகு எடை’ என்ற இரு விதிகளும் முடிவில்லா ஓட்டத்தில் செல்லுபடியாகும். லாரி கிளம்பியாக வேண்டிய மில்லில் ஒரு தடவை எடை போட்டாலே ஆகாது, அந்த வேலை முடியவே முடியாது. முடிவுள்ள ஓட்டங்களுக்கான தர்க்கத்தை கணினி அறிவியலாளர்கள் டி ஜியாக்கோமோவும் வார்டியும் 2013-லேயே வகுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

அண்ணாச்சிமாரே, தயவுசெய்து இதையாவது செய்யுங்கள். மேலே சொன்ன ஈரநெல் விதிகள் மூன்றையும் வேண்டுமென்றே உள்ளே நுழைத்து, ஆய்வு அவற்றைப் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடிக்காத அறிக்கைக்குப் பணம் கொடுக்காதீர்கள். பிடித்தாலும், போன பிசானத்தின் ஈரநெல் லோடுகளைப் பதிவேட்டிலிருந்து எடுத்துப் புது மாடலில் ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.