மடியில் சாயாத பிள்ளையை ஹாஸ்டலில் போடாதீர்கள்

இந்த மே மாதத்தில் மட்டும் இது நான்காவது குடும்பம். கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வந்திருந்தார்கள் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). மூன்றரை வயதில் தத்தெடுத்த பெண் குழந்தைக்கு இப்போது ஏழு வயது. ஜூனில் ஹாஸ்டலில் சேர்க்கப் போகிறார்களாம், டிரங்குப் பெட்டிகூட வாங்கியாயிற்று. "உயிரைக் கொடுத்துப் பார்த்துட்டோம் டாக்டர், கொஞ்சம்கூட நன்றியே இல்லை" என்றார் அந்த அம்மா.

என் கிளினிக் வாசற்படி சாரல் பட்டால் வழுக்கும். கிளம்பும்போது பிள்ளை விழுந்துவிட்டாள். முட்டி கிழிந்து ரத்தம் வந்தது. அம்மா இரண்டடி தள்ளித்தான் நின்றார். பிள்ளை அவர் பக்கம் திரும்பவே இல்லை, அழவும் இல்லை. ஸ்வெட்டர் கையை இழுத்து ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். "பார்த்தீங்களா, எவ்வளவு அழுத்தம்!" என்றார் அப்பா.

எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு இருவரையும் மறுபடி உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

இதற்கு ரியாக்டிவ் அட்டாச்மென்ட் டிஸார்டர் என்று பெயர். பிணைப்புக் கோளாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணம், கைக்குழந்தைப் பருவத்தில் கடுமையான புறக்கணிப்பு, அல்லது ஆள் மாற்றி ஆள் மாற்றி வளர்ப்பு. ஐந்து வயதுக்குள்ளேயே அறிகுறி தெரிந்துவிடும். வலித்தாலும் பயந்தாலும் பெரியவர்களிடம் போகாது, தேற்றினாலும் தேறாது. அரிதான நோய், நான் சட்டென்று எழுதிக் கொடுப்பதும் இல்லை. இந்தப் பெயரைச் சொல்லி அழைத்து வரப்படும் பிள்ளைகளில் பலருக்கு ஆட்டிசமாக இருக்கும், காது சரியாகக் கேட்காததாக இருக்கும், சில சமயம் வெறும் துக்கமாக இருக்கும். முதலில் காதைப் பாருங்கள்.

இன்னொன்று. கூடலூர்ப் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் அம்மாக்கள், "பால்வாடியில் விட்டுட்டுப் போனதால்தான் இப்படியா?" என்று கேட்டு அழுகிறார்கள். இல்லை தாயி. பகலில் ஆயா, பாட்டி, சாயங்காலம் நீங்கள் என்று வளர்ந்த பிள்ளைக்கு இது வராது. அந்தக் குற்ற உணர்ச்சியை இறக்கி வையுங்கள்.

சரி, ஹாஸ்டல் விஷயத்துக்கு வருகிறேன். 1858-இல் ஊட்டியில் லாரன்ஸ் பள்ளி வந்த காலத்திலிருந்தே இந்த மலைக்கு ஹாஸ்டல் பழகிய சங்கதி. அப்படிப் படித்து நன்றாக இருப்பவர்கள் ஏராளம், அவர்களோடு எனக்கு வம்பில்லை. ஆனால் அவர்கள் வீடு என்று ஒன்று மனதில் இருந்து ஹாஸ்டலுக்குப் போனவர்கள். இந்தப் பிள்ளை வந்ததே ஹாஸ்டல் மாதிரி ஒரு இடத்திலிருந்துதான். வரிசைக் கட்டில், ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறும் ஆயா, மணி அடித்தால் சோறு. நோயைக் கொடுத்த இடத்துக்கே மருந்துக்கு அனுப்புகிறீர்கள். "அங்கே டிசிப்ளின் வரும்" என்கிறீர்கள். வரும். இந்தப் பிள்ளைகள் ஹாஸ்டலில் முதல் இரண்டு மாதம் சமர்த்தாகவே இருப்பார்கள், யாரும் நெருங்கி வராத இடம் அவர்களுக்குச் சௌகரியம். வார்டன் போனில் புகழ்வார், நீங்களும் நம்பிவிடுவீர்கள்.

ருமேனியாவில் 2000-களின் தொடக்கத்தில் ஆராய்ச்சியாளர்கள் காப்பகக் குழந்தைகள் 136 பேரை எடுத்து, சீட்டுக் குலுக்குவது போலப் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகளிடம் இந்த அறிகுறிகள் வேகமாகக் குறைந்தன. இதற்கென்று மாத்திரை கிடையாது. மாறாமல் கூட இருக்கும் ஒரு ஆள்தான் வைத்தியம். அந்த ஆள் மூன்றரை வருஷத்தில் களைத்துப்போவார், அதுவும் எனக்குத் தெரியும். உங்களுக்குத் தூக்கம் போய்விட்டதென்றால் பிள்ளையை அல்ல, உங்களைக் காட்ட வாருங்கள். ராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 14416, டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம்.

வீட்டில் செய்ய வேண்டியது. வலிய இழுத்துக் கட்டிப்பிடிக்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், போதும். தலை வாருவதும் சோறு போடுவதும் தினமும் ஒரே ஆள், ஒரே நேரம். தலையணைக்கடியில் வர்க்கி பிஸ்கட்டை ஒளித்து வைத்தால் திருட்டு என்று கத்தாதீர்கள். கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு டப்பா நிறைய வர்க்கி வையுங்கள், காலியானால் நிரப்புங்கள். சாப்பாட்டை நிறுத்துவது, இருட்டறையில் பூட்டுவது, அடிப்பது எதுவும் கூடாது. அமுக்கிப் பிடித்து "பாசத்தை வரவைக்கும்" சிகிச்சை என்று எவராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 2000-இல் அமெரிக்காவில், கொலராடோவில், அப்படி ஒரு அமர்வில் போர்வைக்குள் மூச்சடைத்து 10 வயதுச் சிறுமி இறந்துபோனாள்.

அப்புறம், "கொண்டுபோய் விட்டுருவேன்" என்ற சொல்லை வீட்டில் யாரும், பாட்டி உட்பட, விளையாட்டுக்குக்கூடச் சொல்லக் கூடாது. தத்து ஆணை வந்த நாளிலிருந்து சட்டப்படி அது உங்கள் பிள்ளை. அந்த ஆணையைப் படிக்கத் தெரியாத அவளுக்கு உங்கள் வாய்ச்சொல் மட்டும்தான் சாட்சி.

அந்த அப்பா ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வாங்கிய டிரங்குப் பெட்டியைக் கடையில் திரும்ப எடுத்துக்கொள்வார்களா தெரியவில்லையே என்றார். எடுக்காவிட்டால் அரிசி கொட்டி வையுங்கள், ஆனால் முதலில் அதன் மேல் எழுதியிருக்கும் அவள் பெயரை அழியுங்கள் என்றேன்.