‘வேக்’ என்றால் ஏன் அடி விழுந்த மாதிரி கேட்கிறது?

ஓங்கி ஓர் அடி போடுவதற்கு ஆங்கிலப் பேச்சுவழக்கில் ‘வேக்’ (whack) என்பார்கள். அந்தச் சொல்லே அடி மாதிரி ஒலிப்பது ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முதலில் உதடு குவிந்து காற்று கிளம்புகிறது. அது கோலை வீசும் ஓசை. பிறகு தாடை இறங்கிக் குரல் உரக்க எழுகிறது. உடனே நாக்கின் பின்பகுதி மேலெழுந்து அண்ணத்தில் ஒட்டிக் காற்றை அடைத்துவிடுகிறது. வீச்சு முன்னே, மோதல் பின்னே. ‘பேங்’ (bang) என்ற சொல் இதற்கு நேர்மாறானது. எடுத்ததுமே மோதல், பிறகு ‘ங்’ மூக்கு வழியே அதிர்ந்து நீள்கிறது. அதனால்தான் வெடிச் சத்தத்துக்கு அது பொருந்துகிறது.

மெய்யெழுத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் இயற்பியல் இருக்கிறது. இரு பொருள்கள் தொட்டு விலக 1 மில்லி விநாடி ஆனால், சுமார் 1,000 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 1,000 அதிர்வு, வரையிலான ஒலிகள் வலுவாகப் பிறக்கும். மெத்தையில் குத்துவதுபோல் 10 மில்லி விநாடி நீடித்தால் 100 ஹெர்ட்ஸோடு சரி. வாயிலும் அப்படியே: ‘ட’ வெடிக்கும்போது உயர் அதிர்வெண்கள் மிகும், ‘ப’, ‘ம’ இரண்டிலும் தாழ்ந்தவை. கட்டையில் ‘டக்’, மெத்தையில் ‘பொத்’ என்று நாம் பிரித்துச் சொல்வது காதுக்குத் துரோகம் செய்யாத கணக்கு.

தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. ஆகவே ‘என்று’ கைகொடுக்க, ‘டக்கென்று’ ஆகிறது. இரட்டித்த ‘க்’ காற்றடைப்பை நீட்டிப் பிடிக்கிறது. ஒற்றைக் ‘க’ என்றால் ‘அகம்’ போலக் குழைந்து, அடியின் விறைப்பே போய்விடும்.

இதைக் காட்டி எல்லாச் சொல்லும் ஒலியிலிருந்தே பொருள் பெற்றது என்பதை நான் ஏற்கமாட்டேன். பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினால் வாழ்வு மாறும் என்பதையோ துளியும் ஏற்க முடியாது. ஒலியைப் போலச் செய்யும் சொற்கள் மொழியில் சிறு பகுதிதான்.

‘வேக்’கே ஒலியை விட்டு வெகுதூரம் போயிருக்கிறது. பிரிட்டனில் ‘வேக்ட்’ என்றால் களைத்துப்போனவர். ‘வேக்’ என்பது ஒருவரின் பங்கையும் குறிக்கும். அமெரிக்கக் குற்றக் கும்பல் வழக்கில் அது கொலை. ‘அவுட் ஆஃப் வேக்’ என்றால் சீர்குலைந்தது. அடி என்ற பொருளிலும் அது பேச்சுக்குரிய சொல். விபத்துச் செய்தியிலோ மருத்துவ அறிக்கையிலோ எழுதினால் விளையாட்டாகத் தொனிக்கும். அங்கே ‘ஹிட்’ அல்லது ‘ஸ்ட்ரைக்’தான் சரி.