சொல் விளக்கம்: மினிசீரிஸ் – குறுந்தொடர்

மினிசீரிஸ்: ஒரே கதையைச் சில பகுதிகளில் சொல்லி முடித்துவிடும் தொலைக்காட்சித் தொடர். படப்பிடிப்புக்கு முன்பே முடிவு எழுதப்பட்டிருக்கும். தமிழில் குறுந்தொடர்.

மினி பஸ், மினி டிபன் என்று பழகிய காதுக்கு 'மினி' என்றால் அளவு குறைந்தது என்றுதான் கேட்கும். இந்தச் சொல்லில் அளவு இரண்டாம்பட்சம். 1980இல் அமெரிக்காவின் என்பிசி ஒளிபரப்பிய 'ஷோகன்' ஐந்து இரவுகள் ஓடியது. விளம்பரங்களையும் சேர்த்தால் 12 மணி நேரம். நான்கு திரைப்படங்களின் நீளமுள்ள ஒன்றுக்கு 'மினி' என்று பெயர் வைத்ததற்குக் காரணம், அது ஐந்தாம் இரவோடு நின்றுவிட்டது என்பதே. பார்வையாளர் எண்ணிக்கை இருக்கும்வரை ஓடுவது சீரிஸ். எத்தனை பேர் பார்த்தாலும் குறித்த நாளில் முடிவது மினிசீரிஸ்.

மினி என்ற முன்னொட்டின் பூர்வீகம் சிறுமை அல்ல, சிவப்பு. லத்தீனில் 'மினியம்' என்றால் ஈயச் செந்தூரம். ஐரோப்பிய ஏடெழுதிகள் முதலெழுத்துகளையும் ஓரச் சித்திரங்களையும் தீட்ட அதைப் பயன்படுத்தினார்கள். அந்த வேலையிலிருந்து இத்தாலியில் 'மினியதூரா' என்ற சொல் பிறந்தது. ஏட்டுக்குள் அடங்கும் படங்கள் இயல்பாகவே சிறியவை. 'மிகச் சிறிய' எனப் பொருள்படும் 'மினிமுஸ்' என்ற லத்தீன் சொல்லின் ஒலியும் அருகில் இருந்தது. இரண்டும் கலந்து, செந்தூரச் சொல் சின்னதைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. 1959இல் வந்த மினி காரும், 1960களின் மினி ஸ்கர்ட்டும் அந்த முன்னொட்டை எதன் தலையிலும் ஒட்டலாம் என்ற நிலைக்குக் கொண்டுவந்தன. தொலைக்காட்சிக்காரர்கள் 1970களின் தொடக்கத்தில் அதை எடுத்துக்கொண்டார்கள்.

'சீரிஸ்' என்பதன் வேர் கோத்தல், இணைத்தல் எனப் பொருள்படும் 'ஸெரெரெ' என்ற லத்தீன் வினை. நம் 'தொடர்' என்ற சொல்லுக்கும் பழைய பொருள்களில் ஒன்று சங்கிலி. 'தொடர்ப்படு ஞமலி' என்கிறது புறநானூற்றின் 74ஆம் பாடல், சங்கிலியால் கட்டப்பட்ட நாயை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு மொழிகளில் இரு சொற்களும் கிட்டத்தட்ட ஒரே பாதையில் வந்திருக்கின்றன. எனவே 'சீரிஸ்' என்பதற்குத் 'தொடர்' பொருத்தமா என்ற விவாதத்துக்கே இடமில்லை. தகராறு முன்பாதியில்தான்.

அதற்குள் போகுமுன், இந்த வடிவம் எதற்காக உருவானது என்பதைப் பார்த்துவிடுவது நல்லது. என்பிசியின் போட்டி நிறுவனமான ஏபிசி 1974 ஏப்ரலில் லியோன் யூரிஸின் நாவலைத் தழுவிய 'கியூபி செவன்' கதையை இரண்டு இரவுகளில் ஒளிபரப்பியது. அமெரிக்க மினிசீரிஸின் தொடக்கமாகப் பொதுவாக அதைத்தான் சொல்வார்கள். 1976இல் இர்வின் ஷாவின் நாவலிலிருந்து வந்த 'ரிச் மேன், புவர் மேன்' வாராவாரம் ஓடிப் பெருவெற்றி பெற்றது. 1977 ஜனவரியில் 'ரூட்ஸ்' அடுத்தடுத்த எட்டு இரவுகள் ஓடி நாட்டையே தொலைக்காட்சி முன் உட்காரவைத்தது. அந்தக் காலத்தில் ஏபிசி தன் தயாரிப்புகளுக்கு 'தொலைக்காட்சிக்கான நாவல்' என்ற அடைமொழியே கொடுத்திருந்தது. என்பிசி 1976இல் தொடங்கிய வரிசையின் பெயர் 'பெஸ்ட் செல்லர்ஸ்'. புத்தகக் கடையில் ஏற்கெனவே விற்றுத் தீர்ந்த தடித்த நாவலை வாங்குவதில் இரண்டு லாபம்: விளம்பரம் பாதி முடிந்திருக்கும், முடிவும் கைவசம் இருக்கும்.

சர்ச்சைக்குப் பெயர்போன நாவல்கள் இந்த வடிவத்துக்குள் குவிந்ததற்குக் காரணம் நாட்காட்டியில் இருக்கிறது. நீல்சன் நிறுவனம் உள்ளூர் நிலையங்களின் பார்வையாளர்களை விரிவாகக் கணக்கெடுத்த மாதங்கள் நவம்பர், பிப்ரவரி, மே, ஜூலை. அந்தக் கணக்கை வைத்துத்தான் விளம்பரக் கட்டணம் பேசப்பட்டது. ஆக, கணக்கெடுப்பு நேரத்தில் இரண்டு மூன்று இரவுகளுக்கு ஊரையே பேசவைக்கும் சரக்கு வேண்டும். ஜூடித் கிரான்ட்ஸின் 'ஸ்க்ரூப்பிள்ஸ்' 1980 பிப்ரவரியில் வந்தது. ஷெர்லி கான்ரனின் 'லேஸ்' 1984 பிப்ரவரி 26, 27. ஜாக்கி காலின்ஸின் 'ஹாலிவுட் வைவ்ஸ்' 1985 பிப்ரவரி. தற்செயல் என்று சொல்ல முடியாத ஒழுங்கு. 1983இல் 'தி தார்ன் பேர்ட்ஸ்' மட்டும் வேறு வழியில் போனது. பாதிரியார் ஒருவரின் காதல் கதையை மார்ச் 27 அன்று, அதாவது குருத்து ஞாயிறன்று தொடங்கி, புனித வாரத்தில் நான்கு இரவுகள் ஓட்டினார்கள். எரிச்சலும் விளம்பரந்தான் என்று ஏபிசிக்குத் தெரியாதா என்ன.

இவற்றில் குறுந்தொடரின் உள்கட்டுமானம் துலக்கமாகத் தெரிவது 'லேஸ்' தொடரில். கான்ரன் அதற்குமுன் 'சூப்பர்வுமன்' என்ற வீட்டு நிர்வாக நூலுக்காக அறியப்பட்டவர். பள்ளிச் சிறுமிகளுக்கான பாலியல் கல்வி நூல் ஒன்றை எழுத எண்ணியது கடைசியில் 1982இல் நாவலாக வந்தது. சுவிட்சர்லாந்தில் படித்த தோழிகளில் ஒருத்திக்குப் பிறந்த குழந்தை, யாருக்குப் பிறந்தது என்ற ரகசியத்தோடே வேறிடத்தில் வளர்கிறது. வளர்ந்து திரை நட்சத்திரமாகும் லிலி அவர்களை வரவழைத்து, கெட்ட வார்த்தையால் விளித்து, உங்களில் என் தாய் எவள் என்று கேட்கிறாள். லிலியாக நடித்தவர் ஃபீபி கேட்ஸ். ஒரே ஒரு கேள்வி, அதற்கு ஒரே ஒரு பதில். பதில் வந்த கணத்தில் தொடருக்கு வேலை முடிந்தது. குறுந்தொடருக்கு இதைவிடக் கச்சிதமான எலும்புக்கூடு கிடைப்பது கஷ்டம்.

கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். இரவுக்கு இரண்டு மணி நேர இடம் என்று வைத்துக்கொள்வோம். அக்கால அமெரிக்க நெட்வொர்க்கில் விளம்பரமும் அறிவிப்பும் போகக் கதைக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 95 நிமிடம். இரண்டு இரவுக்கு மூன்று மணி பத்து நிமிடம். திரைக்கதையில் பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற தொழில்வழக்குப்படி சுமார் 190 பக்கம். நாவலோ ஏறத்தாழ 600 பக்கம், அதுவும் நெருக்கி அச்சிட்டது. எனவே ஆட்குறைப்பு தவிர்க்க முடியாதது. நாவலில் தோழிகள் நால்வர், திரையில் மூவர். பாத்திரம் ஒன்று போனால் அவளுடைய காதல், திருமணம், தொழில் மூன்றும் சேர்ந்து போகும். கதையின் கேள்விக்குச் சேதமில்லாமல் நேரத்தை மிச்சப்படுத்த இதைவிட நல்ல வெட்டு கிடையாது.

இன்னொரு கட்டுப்பாடு விளம்பர இடைவேளை. இரண்டு மணி நேர இடத்தை வழக்கமாக ஏழு அங்கங்களாகப் பிரிப்பார்கள். ஒவ்வோர் அங்கமும் ஏதாவதொரு திடுக்கிடலில் முடிய வேண்டும், முதல் இரவின் கடைசி அங்கம் மறுநாள் திரும்ப வரவைக்க வேண்டும். நாவலில் பொறுமையாகக் கனியும் உறவுகள் திரையில் கதவறைந்து முடிவது இதனால்தான். அதை எழுத்தாளரின் மலிவு ரசனை என்று திட்டுகிறவர்கள், இடையில் புகுந்த சோப்பு விளம்பரத்தையும் கொஞ்சம் திட்டலாம்.

பகட்டுக்கும் காரணம் உண்டு. நெட்வொர்க்கின் தணிக்கைப் பிரிவு திரைக்கதையை வரிவரியாகப் பார்க்கும். நாவலைப் படித்தவர்கள் இன்றும் மறக்காத தங்கமீன் வரும் படுக்கையறைக் காட்சி போன்றவற்றை உள்ளபடி காட்ட அன்றைய தொலைக்காட்சியில் வழியே இல்லை. காட்ட முடியாததை ஈடுகட்ட உடை, நகை, பனிமலை விடுதி, விமானம், மாளிகை என்று காசு அங்கே இறங்கியது. பிரிட்டனில் இவ்வகை நாவலுக்கே 'சல்லாபமும் ஷாப்பிங்கும்' என்ற கிண்டல் வழக்கு உண்டு. திரையில் சல்லாபம் மங்கலாகி ஷாப்பிங் தூக்கலானது.

எங்கே கெடுகிறது? பெரும்பாலும் வெற்றியில். 'லேஸ்' ஓடியதும் 1985 மே மாதம், இன்னொரு கணக்கெடுப்பு மாதத்தில், 'லேஸ் 2' வந்தது. இம்முறை லிலி தேடுவது அப்பனை. கேள்வியை அப்படியே பிரதியெடுத்துப் பாலை மட்டும் மாற்றியிருந்தார்கள். 'ரிச் மேன், புவர் மேன்' தொடருக்கு 21 பகுதிகளில் இரண்டாம் பாகம் போட்டார்கள். அவ்வளவு நீண்டபின் அதைக் குறுந்தொடர் என்பது சரியல்ல. அது சாதாரண வாரத்தொடர். எதிர்ப்புறத்திலும் ஓர் எடுத்துக்காட்டு: சர்ச்சை நாவல்களின் முன்னோடியான 'பெய்ட்டன் பிளேஸ்' 1964 முதல் 1969 வரை ஏபிசியில் 514 பகுதிகள் ஓடியது. மூலம் ஒரே நாவல்தான், ஆனாலும் அது நெடுந்தொடர். நாவலைத் தழுவியது என்பதால் மட்டும் எதுவும் குறுந்தொடர் ஆகிவிடாது.

இந்தக் குழப்பம் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதுக்காரர்களையும் விடவில்லை. 2015இல் மினிசீரிஸ் என்ற பிரிவின் பெயரை 'லிமிடெட் சீரிஸ்' என்று மாற்றினார்கள். இரண்டு பகுதிக்குக் குறையக் கூடாது, மொத்தம் 150 நிமிடத்துக்குக் குறையக் கூடாது, கதையும் முதன்மைப் பாத்திரங்களும் அடுத்த பருவத்துக்கு (சீசனுக்கு) போகக் கூடாது என்பது விதி. மூன்றாவதுதான் உயிர்நிலை. அதுவே அடிக்கடி மீறப்படுவதும். லியான் மோரியார்ட்டியின் நாவலை ஒரே பருவத்தில் முடித்த 'பிக் லிட்டில் லைஸ்' 2017இல் இப்பிரிவில் எட்டு எம்மிகளை வாங்கியது. 2019இல் இரண்டாம் பருவத்தோடு திரும்பி வந்தது. புதிய 'ஷோகன்' 2024இல் லிமிடெட் சீரிஸாக அறிமுகமாகி, மேலும் பருவங்கள் வரும் என்றானதும் நாடகத் தொடர் பிரிவுக்கு மாறி 18 எம்மிகளை அள்ளியது. ஒரே நாவல்தான். 1980இன் 'ஷோகன்' குறுந்தொடர், 2024இன் 'ஷோகன்' அல்ல. ஆகவே புதிதாக வந்த ஒன்றைக் குறுந்தொடர் என்று எழுதும்போது, தயாரிப்பாளர் அப்படி அறிவித்திருக்கிறார் என்ற அளவில் நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு.

இனி தமிழ்ச் சொல். குறுமை + தொடர் என்பதில் 'மை' ஈறு கெட்டு, வரும் தகரத்துக்கு இனமான நகரம் மிகுந்து குறுந்தொடர் ஆகிறது. பண்புப்பெயர்ப் புணர்ச்சிக்கு நன்னூல் சொல்லும் 'ஈறுபோதல்', 'இனமிகல்' என்ற இரண்டு விதிகளும் இங்கே வேலை செய்கின்றன. குறும்படம், குறுங்கதை, குறுஞ்செய்தி, குறுந்தகடு எல்லாம் இதே அச்சு. 'குறுத்தொடர்', 'குறுதொடர்' என்பவை பிழை. 'குறுந் தொடர்' என்று இடைவெளி விடுவதும் வேண்டாம்.

'சிறுதொடர்' இலக்கணப்படி குற்றமில்லை. சிறுகதை, சிறுதானியம் போல 'சிறு' இங்கே இனவெழுத்துப் பெறாமல் நிற்கும். ஆனால் அதற்கு எதிரிணை 'பெருந்தொடர்', அப்படி யாரும் சொல்வதில்லை. சின்னத்திரை ஏற்கெனவே பழக்கிவைத்திருப்பது 'நெடுந்தொடர்'. நெடுமைக்கு இணை குறுமை. 'சின்னத்தொடர்' என்றால் சின்னத்திரைத் தொடரின் சுருக்கம் என்று தோன்றும். 'மினி தொடர்' ஒட்டுப்போட்ட சொல், பேச்சுக்குப் பரவாயில்லை.

நீளத்தைக் குறிக்காத ஒன்றுக்குக் 'குறு' சரியா என்ற ஆட்சேபம் நியாயமானது. அதற்கு விடை சங்கத் தொகுப்புகளிலேயே இருக்கிறது. ஓரிரு விலக்குப் போக 4 முதல் 8 அடிப் பாடல்கள் குறுந்தொகை. 13 முதல் 31 அடி நெடுந்தொகை, அதாவது அகநானூறு. குறுந்தொகைப் பாட்டு அகநானூற்றுப் பாட்டின் வெட்டுத்துண்டு அல்ல. எல்லை குறித்து, அதற்குள் முழுமையாகச் சொன்னது. குறுந்தொடர் என்பதில் உள்ள 'குறு'வையும் அப்படியே கொள்ளலாம். சொல்லப்போனால் இந்த ஆட்சேபம் 'மினி'க்குத்தான் கூடுதலாகப் பொருந்தும்.

புழக்கத்தில் சில எச்சரிக்கைகள். 'லிமிடெட் சீரிஸ்' என்பதற்கும் குறுந்தொடர் போதும். விருதுப் பிரிவின் பெயராக வரும்போது மட்டும் வேறுபடுத்த வேண்டுமானால் 'வரையறைத் தொடர்' எனலாம். பிரிட்டன்காரர்கள் இதே வடிவத்தை 'சீரியல்' என்பார்கள். அவர்கள் 'சீரிஸ் 2' என்று எழுதினால் அது இரண்டாம் பருவம், இரண்டாம் தொடர் அல்ல. தமிழ்நாட்டில் 'சீரியல்' என்றால் நேரெதிர்ப் பொருள்: 800 பகுதிகளைத் தாண்டிய 'மெட்டி ஒலி' போன்ற நெடுந்தொடர். பிரிட்டன் செய்தியை மொழிபெயர்ப்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இணையத் தொடர் என்பது எங்கே வெளியாகிறது என்பதைச் சொல்வது, குறுந்தொடர் எப்படி முடிகிறது என்பதைச் சொல்வது. இரண்டும் ஒன்றில் சேரலாம், சேராமலும் போகலாம். 2022இல் வந்த 'சுழல்' எட்டுப் பகுதிகளில் ஒரு வழக்கை முடித்தது. 2025இல் இரண்டாம் பருவம் வந்துவிட்டதால் அதை இனி இணையத் தொடர் என்று மட்டும் எழுதுவதே சரி.