பேபி சீற்றை முன் சீற்றில் கட்ட முன்னர்

மல்லாவியிலிருந்து யாழ்ப்பாணம் கிளினிக்குக்கு வெளிக்கிட்ட ஒரு தாய், எட்டு மாதக் குழந்தையை ஹயர் காரின் முன் சீற்றில் பேபி சீற்றோடு கட்டியிருந்தார். குழந்தையின் முகம் பின்பக்கம், முதுகு டாஷ்போட் பக்கம். பின்னால் மாமா, மாமி, பைகள். "பெல்ற் போட்டாச்சு அக்கா, பொலிஸ் மறிச்சாலும் பிரச்சினை இல்லை" என்றார் சாரதி. டாஷ்போட்டில் எயார்பாக் (மோதினால் விரியும் காற்றுப்பை) என்ற எழுத்து தெளிவாகவே இருந்தது.

2011 ஒக்டோபரிலிருந்து சாரதியும் முன்னால் இருப்பவரும் ஆசனப்பட்டி போடவேண்டும். வீதியில் மறிப்பவர்கள் பார்ப்பதும் அதைத்தான். அதனால் தண்டப்பணம் இல்லையென்றால் பிள்ளைக்கும் ஆபத்தில்லை என்று சனம் நம்பிவிடுகிறது.

எயார்பாக் நொடியில் 20இல் ஒரு பங்குக்குள் வெடித்து விரியும். பின்பக்கம் பார்க்கும் சீற்றின் முதுகு அதற்கு நேரே நிற்கிறது. அடி முழுவதும் குழந்தையின் தலைக்கும் கழுத்துக்கும் போகும். முன்பக்கம் திருப்பி வைப்பதும் வழியல்ல. ஐரோப்பாவின் புதிய சீற் விதிப்படி 15 மாதம் தாண்டும்வரை குழந்தை பின்பக்கம்தான் பார்க்கவேண்டும்.

எயார்பாக்கை நிறுத்த முடியுமா என்று கேட்க நான் ஒரு அலுவலகத்துக்குப் போனேன். "கொம்பனியிட்டக் கேளுங்கோ" என்றார்கள். கொம்பனிக் கிளையில், "இது வெளியால வந்த ரீகண்டிஷன் கார், எங்கட பொறுப்பில்லை." இன்னோர் இடத்தில், "பெல்ற் போட்டாக் காணும்தானே." மூன்று இடத்துக்கும் மூன்று அரைநாள். கைக்குழந்தையோடு இருப்பவர் இப்படி அலையத் தேவையில்லை. இடப்பக்க முன்கதவைத் திறந்து டாஷ்போட்டின் ஓரத்தைப் பாருங்கள். திறப்புப் போட்டு நிறுத்தும் துவாரம் சில கார்களில் அங்கே இருக்கும். நிறுத்தியதும் அதற்கான விளக்கு எரியவேண்டும். துவாரத்தைக் காணவில்லையென்றால் குழந்தை பின் சீற்றுக்குத்தான். காரின் புத்தகம் ஜப்பான் மொழியில் இருந்தாலும், பேபி சீற்றை முன்னால் பின்பக்கம் பார்க்க வைக்கக்கூடாதென்று வெயில்மறைப்பில் ஒட்டியிருக்கும் படம் எல்லோருக்கும் புரியும்.

கராஜில் பியூஸைக் கழற்றித் தருகிறோம் என்பார்கள். விடாதீர்கள். சாரதியின் எயார்பாக்கும் சேர்ந்து செத்துப்போகலாம்.

சிங்கிள் கப் பிக்கப் வாகனத்தில் பின் சீற்றே இல்லை. எயார்பாக் இல்லாமல், தோளுக்கும் இடுப்புக்கும் வரும் பெல்ற் இருந்தால் கட்டலாம். நிறுத்த முடியாத எயார்பாக் இருந்தால் வேறு வாகனம் பிடியுங்கள். மடியில் வைத்து இருவருக்கும் ஒரே பெல்ற் போடவே வேண்டாம். மோதினால் தாயின் பாரமே பிள்ளையை நசுக்கும்.

முன்பக்கம் பார்க்கும் வயதுப் பிள்ளையை முன்னால் ஏற்றியே ஆகவேண்டுமென்றால் கார் சீற்றை முடிந்தமட்டும் பின்னுக்குத் தள்ளுங்கள். பேபி சீற்றில் முழங்காலை ஊன்றி அழுத்திக்கொண்டு பெல்ற்றை இறுக்குங்கள். பெல்ற் போகும் இடத்தில் பிடித்து ஆட்டினால் ஒரு அங்குலத்துக்கு மேல் அசையக்கூடாது. கனடாவிலிருந்து வந்த சீற்றென்றால் இன்னும் கவனம்: அங்குள்ள கார்களில் பெல்ற்றை முழுக்க இழுத்துவிட்டால் பூட்டிக்கொள்ளும். உங்கள் காரில் பூட்டுகிறதா என்று இழுத்துப் பாருங்கள். பூட்டாவிட்டால் பெல்ற்றைப் பிடித்து நிறுத்தும் கிளிப் சீற்றில் இருக்கவேண்டும். அடியில் காலாவதித் திகதியையும் தேடுங்கள். விபத்தில் அடிபட்ட சீற்றை யாருக்கும் கைமாற்றாதீர்கள்.

அன்று மாமாவை முன்னால் இருத்திவிட்டு, பேபி சீற்றைப் பின்னால் மாற்றிக் கட்டினோம். பத்து நிமிடம் பிடித்தது.