வயிறு சுருங்கிய பிறகு குடல் ஏன் மெதுவாகிறது?

மலச்சிக்கல் என்று சொன்னதும் எல்லோரும் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: தண்ணீர் நிறையக் குடி, காய்கறி நிறையச் சாப்பிடு. எடை குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து வந்தவரிடம் இதைச் சொன்னால் அவர் முறைத்துத்தான் பார்ப்பார். அந்த ‘நிறைய’வுக்கு அவர் வயிற்றில் இடமே கிடையாது. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சும் குழாயில் 100, 150 மில்லி கொள்ளும். பைபாஸ் முறையில் இரைப்பையின் மேல்நுனியைச் சிறு பையாகப் பிரித்து நேராகச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். அந்தப் பையின் அளவு ஏறக்குறைய 30 மில்லி, அதாவது இரண்டு மேசைக்கரண்டி. வழக்கமான வைத்தியம் இங்கே எடுபடாமல் போவதில் வியப்பில்லை.

முதலில் ஒரு பயத்தைத் தள்ளிவைக்கலாம். மூன்று நாளாகப் போகவில்லை என்பது மட்டுமே மலச்சிக்கல் ஆகிவிடாது. மலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீர். மீதித் திடப்பொருளில் பெரும்பகுதி குடல் பாக்டீரியாவும் செரிக்காத நார்ச்சத்தும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதல் சில வாரங்களுக்குத் திரவ உணவு, அப்புறம் மசித்த உணவு. அதிலும் முன்னுரிமை புரதத்துக்கு. புரதம் சிறுகுடலிலேயே பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடும். நார்ச்சத்து இல்லாததால் பாக்டீரியாவுக்கும் தீனி குறைவு. உள்ளே போவதே கொஞ்சம் என்றால் வெளியே வருவதும் கொஞ்சமாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை, மென்மையாக, முக்காமல் போனால் சரி. புழுக்கை புழுக்கையாக, கெட்டியாக, வலியோடு வந்தால்தான் பிரச்சினை.

அந்தக் கெட்டித்தன்மை எங்கிருந்து வருகிறது? சாதாரணமாக ஒரு நாளில் சுமார் 9 லிட்டர் திரவம் சிறுகுடலுக்குள் வருகிறது. அதில் நாம் குடித்ததும் உண்டதும் 2 லிட்டர்தான். மீதி உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தநீர், கணையநீர் என்று உடலே சுரப்பது. சிறுகுடல் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்ள, ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. பெருங்குடல் கறாரான கணக்குப்பிள்ளை. அவ்வளவு நீரிலும் 100, 200 மில்லியை மட்டுமே வெளியே விடும். உடலில் நீர் குறைந்தால் ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன் கூடுகிறது. அது சிறுநீரகத்தை மட்டுமல்ல, பெருங்குடலையும் சோடியத்தைப் பிடித்து வைக்கச் சொல்லும். சோடியத்தின் பின்னாலேயே நீரும் போய்விடும். ஆக, குடிக்கும் தண்ணீர் குறைந்தால் மலம் வறளும்.

குடலின் வேகம் குறைந்தாலும் இதே கதிதான். பெருங்குடலில் அதிக நேரம் தங்கும் மலம் அதிக நீரை இழக்கும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு குடலின் வேகத்தைக் குறைக்கக் காரணங்கள் வரிசையில் நிற்கின்றன. வயிற்றில் அறுவை நடந்தாலே குடல் கொஞ்சம் உறைந்து நிற்கும். சிறுகுடல் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் மீண்டும் வேலையைத் தொடங்கிவிடும். கடைசியாக விழிப்பது பெருங்குடல், அதற்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். வலிக்குத் தரும் டிரமடால், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு மருந்துகள் குடல் சுவரிலுள்ள நரம்புகளிலும் போய் ஒட்டிக்கொண்டு, உணவை முன்னே தள்ளும் அசைவைத் தளர்த்துகின்றன. குமட்டலுக்குக் கொடுக்கும் ஆன்டன்செட்ரானும் தன் பங்குக்கு மந்தமாக்கும். போதாததற்கு, சாப்பாட்டில் இரைப்பை விரிந்ததும் பெருங்குடலுக்குப் போகும் ‘இடம் காலி செய்’ என்ற அனிச்சைச் செய்தி, சில கரண்டி கஞ்சிக்கு அவ்வளவு பலமாகப் போவதில்லை.

சத்து மாத்திரைகளையும் விட்டுவிட முடியாது. உறிஞ்சப்படாத இரும்பு குடலிலேயே தங்கிப் பலருக்கு மலத்தை இறுக்குகிறது, கறுப்பாகவும் ஆக்குகிறது. அதற்காக இரும்பை நிறுத்தினால் ரத்தசோகை வரும், குறிப்பாக பைபாஸ் செய்தவர்களுக்கு. வேறு வகை இரும்புக்கு மாற்ற முடியுமா என்று மருத்துவரைக் கேட்பதுதான் வழி. கால்சியத்தில் சிட்ரேட் வகை, கார்பனேட்டைவிட மலத்தைக் குறைவாக இறுக்கும். அமிலம் குறைந்த வயிற்றிலும் அது நன்றாக உறிஞ்சப்படும் என்பது கூடுதல் லாபம்.

சரி, என்ன செய்வது? என் பார்வையில் இங்கே வரிசைதான் முக்கியம்: முதலில் நீர், நார்ச்சத்து அதற்கு அப்புறம். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். இசப்கோல் போன்ற நார் நீரை உறிஞ்சிப் பல மடங்கு ஊதும், அதன் வேலையே அதுதான். போதுமான நீர் இல்லாத குடலில் அது மலத்தை இளக்குவதற்குப் பதிலாகக் கட்டியாக்கும். குறுகிய இரைப்பையில் அடைத்துக்கொள்ளவும் கூடும். ஆகவே தொடக்க வாரங்களில் மருத்துவக் குழுவைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம்.

நீருக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. மணிக்கு 100 மில்லி வீதம், விழித்திருக்கும் 15 மணி நேரத்துக்கு ஒன்றரை லிட்டர். வேளைக்கு ஒரு டம்ளர் என்று யோசிக்காமல், பக்கத்தில் பாட்டிலை வைத்துக்கொண்டு மடக்கு மடக்காக நாள் முழுக்கக் குடிக்க வேண்டும். சாப்பிடும்போதும் சாப்பிட்ட அரை மணி நேரத்துக்கும் குடிக்காதே என்ற விதி பல மருத்துவமனைகளில் உண்டு, அதையும் கழித்துக்கொள்ள வேண்டும். தெளிவான சூப்பும் புரதப் பானமும் கணக்கில் சேரும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருந்தால், ஒரே நேரத்தில் குடித்து ஈடுகட்ட இந்த வயிற்றில் வழியில்லை.

நடப்பதும் உதவும். கழிப்பறையில் காலுக்கடியில் சின்ன ஸ்டூல் போட்டு முழங்காலை உயர்த்தினால் மலக்குடலின் வளைவு நேராகி முக்கல் குறையும். இவை போதாவிட்டால் பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடி பெரும்பாலும் கைகொடுக்கும். அது உறிஞ்சப்படாமல் நீரைக் குடலிலேயே பிடித்து வைக்கும். முழு டம்ளரையும் ஒரே மூச்சில் குடிக்க முடியாது, மெல்ல மெல்லக் குடித்தாலும் வேலை செய்யும். லாக்டுலோஸும் இதே வழியில்தான் இயங்குகிறது, ஆனால் பாக்டீரியா அதைப் புளிக்க வைப்பதால் காற்று அதிகமாகும். புதிதாகத் தைத்த வயிற்றுக்கு அந்த உப்புசம் எரிச்சலூட்டும். குடலை உசுப்பிவிடும் பிசாகோடில், சென்னா ஆகியவை அடுத்த கட்டம், அதையும் மருத்துவர் சொல்லித்தான் எடுக்க வேண்டும்.

மலமிளக்கியை நாடவே கூடாத நேரமும் உண்டு. கடும் வயிற்றுவலி, வாந்தி, வயிறு ஊதிக் காற்றுகூடப் பிரியாத நிலை, காய்ச்சல், இதயப் படபடப்பு ஆகியவை மலச்சிக்கலின் அடையாளங்கள் அல்ல, குடல் அடைப்பு அல்லது தையல் போட்ட இடத்தில் ஏற்படும் கசிவின் அடையாளங்களாக இருக்கலாம். பைபாஸ் செய்தவர்களுக்கு இந்த ஆபத்து வருடங்கள் கழிந்தும் வரலாம். குடலைத் தாங்கும் சவ்வில் அறுவையின்போது உண்டான இடைவெளிகள், எடை குறைந்து உள்கொழுப்பு கரையக் கரைய அகன்றுவிடும். அதற்குள் குடல் நழுவி முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்றுபோகும். வலி விட்டு விட்டு வந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், போனதும் முதல் வேலையாக பைபாஸ் செய்ததைச் சொல்லிவிட வேண்டும். வேறு ஊரிலுள்ள மருத்துவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை, சாதாரண எக்ஸ்ரேயில் இந்தச் சிக்கல் தெரியாமலும் போகலாம்.